கொடி இறங்கும்வரை மீன்களுக்குக் காவல்

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கியதும் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே இரண்டு வேட்டி, சில சட்டைகள், அக்கா தன் மகளுக்குக் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு சின்னக் காற்று மோட்டார், ஒரு சுருள் ரப்பர் குழாய், அதன் நுனியில் மாட்டுகிற நுரைக்கற்கள். சுங்க அதிகாரி ஊறுகாயை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். கல்லைத்தான் வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண் அதிகாரியிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டார்.

"உது என்னத்துக்கு எண்டு கேக்கிறார்," என்றார் அந்தப் பெண்.

"மீன் தொட்டிக்குங்க. மீனுக்கு மூச்சு முட்டினா காத்து விடுறதுக்கு."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் அதிகாரி சிரித்துவிட்டார். அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். அவரும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். அந்தப் பெண் சற்றுத் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார்: "மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊருக்கு மீன் வளர்க்க இந்தியாவிலிருந்து ஆள் வந்திருக்கிறதாம்."

பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து வழிநெடுகக் காற்று கப்பலைப் போட்டு உலுக்கியதில் குடலில் இருந்ததெல்லாம் கடலுக்குப் போயிருந்தது. சண்டை போடத் தெம்பில்லை. பையை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். நெல்வயலின் தாழ்வான மூலையில் குளம் வெட்டி, கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறவன். அக்கா மகள் மலர் அந்தக் குளத்துக் கரையில் விளையாடி வளர்ந்தவள். திருச்சியில் படித்தபோது ராகுலனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அகதி முகாமில் வளர்ந்த பையன், தங்கமானவன். இருவரும் மருதனார்மடத்துக்குக் கிட்ட அவன் அப்பாவின் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். வெங்காயம், வாழை, கொஞ்சம் மிளகாய். அங்கே மலர்தான் மீன் யோசனையைக் கிளப்பினாள்.

யோசனை நல்ல யோசனைதான். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் பயிருக்கு விட வேண்டும். இறைக்கிற தண்ணீரை நேரே வெங்காயத்துக்கு விடாமல், வழியில் ஒரு வட்டமான சிமெண்டுத் தொட்டி கட்டி அதில் மீனை விட்டால், மீன் கழிவோடு போகிற தண்ணீர் பயிருக்கு உரமாகிவிடும். ஒரே தண்ணீரில் இரண்டு விளைச்சல். ஆறு மாதத்துக்கு முன்னால் திலாப்பியாக் குஞ்சுகளை வாங்கி விட்டார்கள். எங்களூரில் அதை ஜிலேபி என்போம்.

போன வாரம் மலர் போனில் அழுதாள். "மாமா, விடியக்காலையில எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதுக. நீங்க வாங்க."

"வளர்ந்துடுச்சுல்ல, பிடிச்சு வித்துட வேண்டியதுதானே?"

"பிடிக்க ஏலாது மாமா. நீங்க வாங்க, சொல்றேன்."

ஏலாது என்கிறாளே, அக்கா மகள் முழு யாழ்ப்பாணத்துக்காரி ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். ஏன் பிடிக்க முடியாது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் மனசெல்லாம் யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்பில் இருந்தது.

ராகுலன் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப் போனான். போனதும் சாப்பாடு. சிவப்புச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, முருங்கையிலை வறை, பாகற்காய்ப் பொரியல், அப்பளம். எல்லாம் அருமை. தேங்காய்ப்பால் விட்ட அந்தக் கத்தரிக்காய்க் குழம்பை மட்டும் இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பிறகு மெதுவாக அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"மீன் எதுவும் இல்லையா மலர்?"

மலர் ராகுலனைப் பார்த்தாள். ராகுலன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தான். "மாமா, நல்லூர்க் கொடியேறிட்டுது," என்றான்.

அப்போதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால், இறங்கும்வரை இந்தப் பக்கத்துத் தோட்டக்கார வீடுகளில் மீன், இறைச்சி வாசனையே கிடையாது. சட்டியைக்கூட மாற்றிவிடுவார்கள். மீன் குஞ்சு விட இவர்கள் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார்கள். நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் அலசிப் பார்த்து, தேங்காய் உடைத்துத்தான் விட்டிருக்கிறார்கள். குஞ்சு விடுகிற நாளைப் பார்த்தவர்கள், அது வளர்ந்து எப்போது சட்டிக்கு வரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஊரே சைவமாக இருக்கிற மாதத்தில் சரியாக வந்து முதிர்ந்து நிற்கிறது மீன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மலர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"சரி, இங்க வாங்கலேன்னா வேற ஊருக்கு அனுப்பறது."

"தோட்டத்துக்குள்ள வலை போடவே கூடாது மாமா. அதுதான் பொன்னம்பலம் அண்ணையோட கண்டிஷன்."

கிணறு இவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பங்குக் கிணறு. பாதி ராகுலனுக்கு, மறுபாதி அவனுடைய பெரியப்பா மகன் பொன்னம்பலத்துக்கு. ஒருநாள் இவர்கள் இறைக்க வேண்டும், மறுநாள் அவர். எங்கள் பக்கம் வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சுவதைப் போலத்தான், ஆனால் இங்கே கிணற்றுக்கே முறை. பொன்னம்பலம் அண்ணை மீன் தொடாதவர். கோயிலுக்குப் பூ கொடுக்கிறவர். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவர் பூந்தோட்டம் நிற்கிறது. கிணற்றடியில் மீனா என்று முதலில் குதித்திருக்கிறார். பிறகு ராகுலன் கெஞ்சியதில் இறங்கி வந்து ஒரு பேச்சு பேசியிருக்கிறார். கொடி இறங்கும்வரை ஒரு மீன் இந்தத் தோட்ட வளவுக்குள் சாகக் கூடாது. கொன்றும் சாகக் கூடாது, தானாகவும் சாகக் கூடாது. செத்து நாறினால் தொட்டியை உடைத்துவிட வேண்டியது. ராகுலனும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

"நான்தான் மாமா பிடிவாதம் பிடிச்சு இதைக் கட்ட வச்சேன்," என்றாள் மலர். "இந்தியாக்காரி வந்து கிணத்தடியை நாறடிச்சாள்னு வந்துட்டா, நான் இங்க யார் முகத்திலயும் முழிக்க முடியாது."

அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடியலில் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். அடைத்து வைத்த மாதிரி மீன். ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரிசு. பாதியைப் பிடித்து எடுத்தால் மீதிக்கு மூச்சு வரும். எடுக்கத்தான் வழியில்லை. தீனியை அடியோடு குறைக்கச் சொன்னேன். அடியில் படிந்த கசட்டைக் குழாய் போட்டு உறிஞ்சி வெங்காயப் பாத்திக்கு விட்டோம். நான் கொண்டுவந்த மோட்டாரை மாட்டிக் கல்லைத் தண்ணீரில் போட்டதும் குபுகுபுவென்று காற்று பொங்கியது. மீன்கள் அந்தப் பக்கமாக வந்து மொய்த்தன. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. நெற்றி நிறைய திருநீறு. பொன்னம்பலம் அண்ணை.

"இந்தியாவிலையிருந்து வந்த ஆள் நீங்கள்தானோ?"

"ஆமாண்ணே."

"சுகமா வந்து சேந்தியளோ? கடல் கொந்தளிப்பாம்." தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். "உதுகள் இருக்குமே, கொடி இறங்குமட்டும்?"

"இருக்கும்ணே. நான் பாத்துக்கறேன்."

"பாருங்கோ," என்றார். அவ்வளவுதான். தலை மறைந்துவிட்டது.

பொழுது போகாமல் மருதனார்மடச் சந்திக்கு நடந்தேன். ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுச் சந்தைக்குள் போனால் கண் நிறைந்துவிட்டது. மலைமலையாகக் கத்தரி, பாகல், பூசணி, வாழைக்குலை. எங்கள் ஊர் உழவர் சந்தையில் இத்தனை பச்சையை நான் பார்த்ததில்லை. ஒரு கடையில் வடையும் பிளேன்ரீயும் சாப்பிட்டேன். பால் ஊற்றாத அந்தத் தேநீரை முதலில் மருந்து போலத்தான் குடித்தேன், இரண்டாவது நாளிலிருந்து அது இல்லாமல் தலை வலித்தது. வாயைக் கட்டி வைக்க முடியாமல் கடைக்காரரிடம் மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொடி இறங்கட்டும்," என்றார், ஏதோ நான் கெட்ட சங்கதி கேட்டதுபோல.

தேர்த் திருவிழாவன்று மலர் என்னையும் ராகுலனையும் நல்லூருக்கு விரட்டினாள். "நான் தொட்டியைப் பாத்துக்கறேன். நீங்க போய் எனக்காகவும் வேண்டிக்கிட்டு வாங்க." மினிபஸ்ஸில் ஏறினோம். ஏறினோம் என்பதைவிட அடைக்கப்பட்டோம் என்று சொல்வதே சரி. கூட்டத்துக்காக வீதியை மறித்திருந்ததால் பஸ் எங்கெங்கோ சுற்றி, கோயிலே கண்ணில் படாத ஒரு சந்தில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. வெறுங்காலோடு நடந்தோம். எல்லா ஆண்களையும் போல நானும் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். என் தொந்தியை இத்தனை பேருக்கு மத்தியில் காட்டியது இதுவே முதல் தடவை. யாரும் கண்டுகொள்ளவில்லை.

தேர் அசைந்தபோது எழுந்த 'அரோகரா'வில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. முருகா, அந்த மீன்கள் சாகக் கூடாது என்றுதான் வேண்டினேன். கோயிலில் நின்று மீனுக்காக வேண்டிக்கொள்வது சரியா என்ற சந்தேகமும் வந்தது. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது ஐஸ்கிரீம் சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் ஒரு சிங்களக் குடும்பம், தெற்கிலிருந்து கும்பிட வந்தவர்கள். அந்த அம்மா கணவரிடம் சலித்துக்கொண்டதைக் கேட்டு ராகுலன் சிரித்தான். என்னவென்று கேட்டேன். "ஊரெல்லாம் தேடியும் ஒரு துண்டு மீன் இல்லை, கும்பிட்டாயிற்று, இனி வவுனியா தாண்டியாவது சாப்பிடலாம் என்கிறா மாமா." எனக்கு அந்த அம்மா மேல் பெரும் பாசம் பொங்கியது.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே காற்று. சோளகம் என்கிறார்கள், ஆவணியில் தென்மேற்கிலிருந்து வீசுவது. பனைகள் பேயாட்டம் ஆடின. மறுநாள், சாமி நீராடுகிற தீர்த்தத் திருவிழாவன்று, விடிந்தும் விடியாத நேரத்தில் மலர் என்னை உலுக்கினாள்.

"மாமா, கரண்ட் இல்லை."

ஒரு காவோலை, அதாவது காய்ந்த பனையோலை, விழுந்து மின்கம்பி அறுந்து கிடந்தது. என் காற்று மோட்டார் செத்துக் கிடந்தது. கிணற்று மோட்டாரும் கரண்டில்தான் ஓடும். தொட்டிக்கு ஓடினோம். மேற்பரப்பு முழுக்க வாய்கள். எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. சில பக்கவாட்டில் சாயத் தொடங்கியிருந்தன. எங்கள் குளத்தில் ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்திருக்கிறேன். இன்னும் அரைமணியில் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிவிடும்.

ஆளுக்கொரு வாளியை எடுத்து, தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம். அதில் கொஞ்சம் காற்று கலக்கும். ஆனால் அந்தத் தொட்டிக்கு அது எம்மாத்திரம்? மலர் முழங்கை வரை நனைந்து, அழுதபடி அள்ளிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திட்டினேன், ராகுலனைத் திட்டினேன், பனைமரத்தைத் திட்டினேன். பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

நிமிர்ந்தால் பொன்னம்பலம் அண்ணை நிற்கிறார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பூசிய திருநீறு இன்னும் ஈரமாக. கையில் பூக்கூடை. நல்லூர்த் தீர்த்தத்துக்குக் கிளம்பி நின்றவர். தொட்டியைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். மலர் வாளியைக் கீழே போட்டுவிட்டாள்.

"அண்ணை, கரண்ட்..." என்று ஆரம்பித்தான் ராகுலன்.

அவர் பூக்கூடையோடு திரும்பிப் போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மலர் தொட்டிக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். பொன்னம்பலம் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன்னுடைய மண்ணெண்ணெய் மிசினைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வருகிறார். கரண்டை நம்பாத மனுஷன், இன்னமும் அதை வைத்துத்தான் இறைக்கிறவர்.

"இண்டைக்கு என்ரை முறை. என்ரை தண்ணி. நான் எங்கை விட்டாலும் ஆரும் கேக்கேலாது," என்றார். "டேய் ராகுலன், உந்தக் குழாயைப் பிடி. கெதியா!"

கயிற்றை இழுத்தார். இரண்டு இழுப்புக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் மிசின் புகையோடு இருமிக்கொண்டு எழுந்தது. நான் ஒரு தகரத்தைத் தொட்டிக்கு மேலே சாய்த்துப் பிடித்தேன். தண்ணீர் அதில் மோதிச் சிதறி, மழைபோல் விழுந்தது. மீன்கள் அந்த மழைக்குக் கீழே வந்து முண்டின.

"இவ்வளவு மீனுக்கு இது காணாது," என்றார் அவர். "பாதியை அள்ளுங்கோ. என்ரை தொட்டிக்கை விடுவம்."

"உங்க தொட்டியிலயா? பூவுக்குப் பாய்ச்சுறது..." என்றேன்.

"அண்ணை, உயிர் போகுது, நீங்கள் நிண்டு கதைக்கிறியள்!" என்று என்னை அதட்டினார்.

வாளி வாளியாகக் கொண்டுபோய் அவருடைய பெரிய கிணற்றடித் தொட்டியில் விட்டோம். மீன் தொடாத அந்த மனுஷன், துள்ளி விழுந்த ஒன்றை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஓடினார். வேட்டியெல்லாம் சேறு. வெயில் ஏறியபோது வாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. தண்ணீர் மேற்பரப்பு மெல்ல அமைதியானது. ஒன்றுகூடச் சாகவில்லை. நான் அப்படியே வாழை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். உயிர் திரும்பி வந்தது மீனுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

"உங்களுக்குத் தீர்த்தம் போச்சே அண்ணை," என்றாள் மலர். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

அவர் தகரத்திலிருந்து சிதறுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கை போச்சு? இண்டைக்குத் தீர்த்தம் பிள்ளை. இதுகளும் ஆடட்டும்."

அன்று மாலை கொடி இறங்கியது. அடுத்து, திருவிழாவை முடித்துவைக்கிற வைரவர் மடையும் முடிந்த மறுநாள் காலை வலை போட்டோம். மலருக்கு அப்போதும் ஒரு பயம். கடல்மீன் தின்று பழகிய நாக்கு இவர்களுடையது, தொட்டி மீனைத் தொடுவார்களா என்று. காற்று இன்னும் அடங்காததால் கடலுக்குப் போன வள்ளங்கள் குறைவு. ஊரே இத்தனை நாளும் நாக்கைக் கட்டி வைத்திருந்தது. வாசலில் மீன் என்று காதில் விழுந்ததும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களுமாக வந்து குவிந்துவிட்டன. "உது குளத்து மீன்தானே, மண் வாசம் அடிக்குமே?" என்று மூக்கைச் சுளித்த ஒருவர், அப்படிக் கேட்டுக்கொண்டே இரண்டு கிலோ நிறுக்கச் சொன்னார். மலர் எண்ணிப் பார்க்காமல் விட்ட அதே பிழையான மாதம், மிகச் சரியான காலையாக வந்து வாய்த்துவிட்டது. தொட்டி காலி.

மலர் என்னிடம் ஓடி வந்தாள். "மாமா, உங்களுக்குன்னு ஒண்ணும் எடுத்து வைக்கலை. பரவாயில்லை, அண்ணை தொட்டியில பாதி இருக்கு. அதிலேருந்து பிடிச்சுக் குழம்பு வைக்கறேன்." வாளியோடு வேலியைத் தாண்டிப் போனாள். நான் பசியோடு பின்னால் போனேன்.

பொன்னம்பலம் அண்ணை தொட்டிக்கு முன்னால் நின்றார். நகரவில்லை.

"உதுகளைத் தரமாட்டன் பிள்ளை."

"அண்ணை?"

"உன்ரை தொட்டியிலை இருந்ததுகளை நீ என்னவும் செய். இதுகள் என்ரை தண்ணியிலை பிழைச்சதுகள். குடுக்கேலாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ அடுத்த குஞ்சு விடேக்கை எனக்குச் சொல்லு. விடுற நாளை மட்டும் பாராதை, பிடிக்கிற நாளையும் பஞ்சாங்கத்திலை பார்ப்பம். என்ரை முறைத் தண்ணியும் உன்ரை தொட்டியாலை போகட்டும். பூச்செடி இந்த ரெண்டு மூண்டு நாளிலை நல்லாத் தளிர்த்திருக்குது."

மலர் வெறும் வாளியோடு நின்றாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். ஊரிலிருந்து நான் கிளம்பும்போது, 'அவ சிரிக்கறதைப் பாத்துட்டு வா' என்று அக்கா சொல்லி அனுப்பியது இந்தச் சிரிப்பைத்தான். மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டேன்.

கிளம்புகிற அன்று விடியலில் மீதி மீன்களை ஒரு தடவை பார்க்கலாம் என்று போனேன். எனக்கு முன்னாலேயே வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் உருவம், தொட்டிக் கட்டில் குனிந்தபடி.

"என்னண்ணே, இந்த நேரத்துல?"

"ஒண்டுமில்லை," என்றார், பிடிபட்டவர்போல. கையில் குறுணல் அரிசி. "வாய் பிளக்குதுகளோ எண்டு பாக்க வந்தனான். நீங்கள் யோசியாமல் போங்கோ. நான் பாக்கிறன்."